நெடுநாட் படகில் விளக்கு

பேலியகொடையில் வசிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு மூன்று பக்கக் கடிதமொன்று விடுத்துள்ளார். அவருடைய தகப்பனார் முகத்துவாரத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் நெடுநாள் மீன்பிடிப் படகொன்றிலே தண்டையலாகத் தொழில் புரிபவர். ஒருமுறை புறப்பட்டாரெனில் மூன்று நான்கு வாரங்கள் கழிந்தே கரை காண்பார். அடுத்த பயணத்துக்கு முன்னர் படகிலுள்ள பழைய மின்குமிழ்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, இக்காலத்து எல்.ஈ.டி. விளக்குகளைத் தம் கையாலேயே பொருத்திவிட வேண்டுமென்று மாணவர் விரும்புகிறார். "புறக்கோட்டையிலே மலிவாக விற்கிறார்கள், ஐயா. ஓட்ட மின்னியல் படித்து முடித்துவிட்டேன். நானே செய்துகொள்ளக் கூடாதா?" என்பது அவருடைய வினா.

செய்துகொள்ளலாம் என்பதே எமது விடை. ஆனால் கேபினுக்குள் எரியும் விளக்கு வேறு, கேபினுக்கு மேலே கம்பத்தில் எரியும் விளக்கு வேறு. முன்னதிலே தவறு நேர்ந்தால் இருட்டில் இருந்து சோறு உண்ண நேரிடும். பின்னதிலே தவறு நேர்ந்தால் வேற்றுக் கப்பலொன்று படகின்மேல் ஏறிவிடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஒரே கடையில் ஒரே பெட்டியில் வாங்கிப் பொருத்துவோர் பலராதலால், இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

பேலியகொடை என்றதும் கொழும்புவாசிகளுக்கு மீன் நினைவுக்கு வருவது இயல்பே. புறக்கோட்டை சென்ற் ஜோன்ஸ் சந்தையில் நடந்துவந்த மொத்த மீன் வியாபாரம் 2011ஆம் ஆண்டில் இங்கு கட்டப்பட்ட மத்திய மீன் சந்தைக்கு மாற்றப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வூர் படகோடு உறவு பூண்டிருந்தது. 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் எழும்பும்வரை களனி கங்கையைக் கடக்க இருந்த பாலமே ஒரு படகுப் பாலந்தான். படகுகளை வரிசையாக நிறுத்திப் பிணைத்து, அவற்றின்மேற் பலகை பரப்பியிருந்தனர். இன்று அதே கங்கையின் மேலே, 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் வடங்களால் தாங்கப்பட்டு நிற்கின்றது. இரவில் அது வண்ண விளக்குகளால் ஒளிரும்போது, கீழே நீரில் விளக்கேதுமின்றிச் செல்லும் சிறு தோணிகளை நாம் கண்டதுண்டு.

எமது மீனவர் தம் படகைத் தாமே திருத்திக்கொள்வது புதிய வழக்கமன்று. இந்நாட்டின் நெடுநாட் படகே அவ்வாறு பிறந்ததுதான். 1950களின் பிற்பகுதியில் இங்கு அறிமுகமான மூன்றரைத் தொன் படகுகள் மாலையிற் போய் மறுநாட் காலையில் திரும்புவதற்கென அமைக்கப்பட்டவை. 1980களிலே தென்மேற்குக் கரையோர மீனவர் சிலர் அப்படகுகளின் மேற்றளத்தில் பனிக்கட்டிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என்று கடலிலே தங்கத் தொடங்கினர். எந்தப் பொறியியலாளரும் வரைந்து கொடுத்த திட்டம் அல்ல அது. பின்னர் பனிக்கட்டி அறை படகின் வயிற்றுக்குள் இறங்கியது, படகும் நீண்டது, படுத்துறங்க ஒரு கேபின் முளைத்தது. வடக்கிலே, 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் தளம் கண்ணாடியிழைப் படகுகளை எம்மவர்க்குப் பழக்கப்படுத்தியது. மரத்தை இழைக்கத் தெரிந்த கை பைபரை ஒட்டவும் கற்றுக்கொண்டது. இனி மின்கம்பியையும் கற்றுக்கொள்ளட்டும் என்பதே எமது விருப்பம்.

இதன்பொருட்டு நாம் முகத்துவாரத்துத் துறைமுகத்துக்குச் சென்று இரண்டொரு படகுகளில் ஏறிப் பார்த்தோம். நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கேபின். ஐந்தாறு பேர் படுக்கும் பலகை. சுவரோரமாக, சிவப்பு எது கறுப்பு எது என்று அடையாளங் காணமுடியாதபடி எண்ணெய் படிந்த கம்பிகள். ஒரு விளக்குக்குச் செல்லும் கம்பியிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து கைத்தொலைபேசி ஊட்டுவதற்கு இன்னொன்று, அதிலிருந்து பாட்டுப் பெட்டிக்கு வேறொன்று. முறுக்கிய இடங்களிலெல்லாம் கறுப்பு நாடா. படகிலிருந்த முதியவரொருவர் எமது முகக்குறிப்பைக் கண்டு சிரித்தார்.

"இது ஒண்டும் பெரிசில்லை மாஸ்டர். தெய்வந்துறைக்குத் தெற்காலே போய்ப் பாருங்கோ. கப்பல் போற பாதை. இரவிலே வலையை விட்டிட்டு எஞ்சினை நிப்பாட்டிப் போட்டு மிதந்துகொண்டு கிடப்பம். அந்த நேரம் பற்றரி இறங்கினால் விளக்கும் இல்லை, விடிய எஞ்சினும் ஸ்டார்ட் இல்லை."

அவர் கூறிய இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. படகின் விளக்குகள் எரிவதும் இயந்திரம் முடுக்கப்படுவதும் பெரும்பாலும் ஒரே சேமிப்புக்கலத்தின் உதவியாலேயே. இயந்திரம் ஓடும்போது அது கலத்தை ஊட்டும். நின்றபின் கலம் இறங்கிக்கொண்டே போகும். அதனால் விளக்குக்காகவே இரவு முழுதும் இயந்திரத்தை ஓடவிடுவோரும் உளர். 2022ஆம் ஆண்டு டீசல் கிடையாமல் படகுகள் துறையிலேயே கட்டிக் கிடந்த மாதங்களை மறவாதவர்களுக்கு, அப்படி எரிக்கும் எண்ணெயின் அருமை தெரியும்.

இனிக் கணக்குக்கு வருவோம். படகொன்று இரவிலே செல்லும்போது, கம்ப விளக்கு, இரு பக்க விளக்குகள், பின்விளக்கு ஆகிய நான்கும் எரியவேண்டும். பழைய இழைக் குமிழெனில் ஒவ்வொன்றும் 25 உவாற்று எனக் கொள்வோம், மொத்தம் 100. கேபினிலே 10 உவாற்றுக் குமிழ்கள் இரண்டு, இயந்திர அறையில் 20 உவாற்றுக் குமிழொன்று, மேற்றளத்தில் 60 உவாற்று விளக்கொன்று. ஆகமொத்தம் 200 உவாற்று. 12 வோல்ற்றுத் தொகுதியில் இதற்கு ஏறத்தாழ 16.7 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். 150 அம்பியர்-மணி கொண்ட ஈய அமிலக் கலமொன்றிலே பாதியைத்தான் அஞ்சாமற் செலவிடலாம். அதற்குமேல் இறக்கினால் கலத்தின் ஆயுள் குன்றும். எனவே 75 அம்பியர்-மணி. நாலரை மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். மாலை 7 மணிக்கு ஏற்றிய விளக்கு நள்ளிரவுக்கு முன்னரே கலத்தை வறிதாக்கிவிடுகிறது.

அதே வெளிச்சத்தை எல்.ஈ.டி.யினாற் பெறுவதாயின், பயண விளக்குகள் நான்குக்கும் 12 உவாற்று, கேபினுக்கு 4, இயந்திர அறைக்கு 4, மேற்றளத்துக்கு 10; ஆக 30 உவாற்று. இரண்டரை அம்பியர். அதே 75 அம்பியர்-மணி இப்போது 30 மணி நேரம் தாங்குகிறது. இரவு முழுதும் எரித்தபின்னும் விடியலில் இயந்திரத்தை முடுக்கக் கலத்திற் போதிய வலு எஞ்சியிருக்கும்.

இவ்வளவு வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? இழைக் குமிழ் உண்மையில் ஒரு சிறு அடுப்பு. கம்பியைச் சூடாக்கி, அச்சூட்டின் ஓரத்திலே சிறிதளவு வெளிச்சம் பெறுகிறோம். நீங்கள் பாடநூலில் ஒளிகாலும் இருவாயி என்று படித்திருக்கும் எல்.ஈ.டி.யோ குறைகடத்திச் சந்தியொன்றிலே இலத்திரன் கீழிறங்கும்போது அதன் சக்தியை நேரே ஒளியாக வெளிவிடுகிறது. இங்கிலாந்துப் பொறியியலாளர் ஹென்றி ரவுண்ட் 1907ஆம் ஆண்டிலேயே இவ்வொளியைக் கண்டார். 1920களில் சோவியத் நாட்டில் ஒலெக் லோசெவ் அதனை ஊன்றி ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு எல்.ஈ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹொலோன்யாக் ஆக்கினார். நீல ஒளிதான் நெடுங்காலம் கைக்கெட்டாமல் இருந்தது. 1990களின் முற்பகுதியில் ஜப்பானியரான அக்காசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரின் உழைப்பால் அது கைகூடியது. 2014ஆம் ஆண்டுப் பௌதிகவியல் நோபல் பரிசு அவர்களுக்கு இதன்பொருட்டே வழங்கப்பட்டது. இன்று நாம் வெள்ளை எல்.ஈ.டி. என்று வாங்குவது இந்த நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சொன்றைத் தடவியதாகும். இவ்விவரத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் தேவைப்படும்.

கேபின் விளக்கு முதலில். இதனை மாணவர் தாராளமாகத் தாமே செய்யலாம். விளக்கின்மேல் 10 முதல் 30 வோல்ற்று வரை என்று பொறித்திருப்பதாகப் பார்த்து வாங்குக. 12 வோல்ற்று என்பது பெயரளவில்தான். இயந்திரம் ஓடும்போது அது 14.4 வரை ஏறும். தடையொன்றை மட்டும் கோத்துச் செய்த மலிவு விளக்குகள் அந்த மிகை மின்னோட்டத்தில் வெந்து சில மாதங்களிலேயே மங்கிப்போகும். எல்.ஈ.டி. குளிர்ந்த விளக்கு என்பது பாதியே உண்மை. அதன் சந்தி சூட்டைத் தாங்காது. பின்புறத்து உலோகத் தகடு வழியே அச்சூடு வெளியேற வழி வேண்டும். ஆதலால் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே செருகி வைத்தல் ஆகாது. நீர்க்காப்புக்கு ஐ.பி. 67 என்ற குறி போதுமானது. ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். விளக்கின் ஓரத்தை அடைக்க வாங்கும் சிலிக்கோன் பசையை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வீசுமாயின் அதனை விட்டுவிட்டு மணமற்ற நடுநிலை வகையை வாங்குக. வினாகிரி மணம் தருவது அசற்றிக்கமிலம். அது செம்பை அரிக்கும்.

கேபினுக்கு ஒரு மங்கலான சிவப்பு விளக்கும் வைப்பது நன்று. இருளுக்குக் கண் முற்றாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது. காவலிருப்பவர் ஒரு வாய்த் தேநீருக்காகக் கேபினுக்குள் வந்து வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வெளியேறினால், அந்த அரை மணி நேரப் பழக்கம் ஒரு நொடியில் அழிந்துவிடும். மங்கிய சிவப்பு அவ்வளவு கெடுதி செய்வதில்லை.

நிற்க. பயண விளக்குகளின் செய்தி வேறு. இவை 1972ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு 1977ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இவை ஒவ்வொன்றும் படகின் நேர் முன்திசையிலிருந்து பின்னோக்கி 112.5 பாகை அளவுக்கு மட்டுமே தெரியவேண்டும். பின்விளக்கு வெள்ளை, 135 பாகை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 360 வரும். கம்ப விளக்கு இரு பக்கங்களையும் சேர்த்து 225 பாகை. இழுவை வலையன்றி வேறு வலையோ தூண்டிலோ விட்டு மீன்பிடிக்கும் படகு, சுற்றெங்கும் தெரியும் சிவப்பை மேலேயும் வெள்ளையைக் கீழேயும் ஏற்றவேண்டும். இழுவைப் படகாயின் மேலே பச்சை. இப்பாகைகளெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணலாகாது. எதிரே வரும் கப்பலின் மேற்றட்டில் நிற்பவர் உமது படகின் உருவைக் காண்பதில்லை. சிவப்பு மட்டும் தெரிந்தால் படகின் இடப்புறம் தமக்குக் காட்டப்படுகிறதென்றும், பச்சை மட்டும் தெரிந்தால் வலப்புறமென்றும், இரண்டும் சேரத் தெரிந்தால் நேர் எதிரே வருகிறதென்றும் அவர் முடிவு செய்கிறார். தம் கப்பலை எந்தப் பக்கம் திருப்புவதென்பது அந்த முடிவைப் பொறுத்தது.

பழைய பக்க விளக்கின் கண்ணாடி, நடுவே நிற்கும் மெல்லிய இழையொன்றைக் கருதி வார்க்கப்பட்டது. அந்த இழை இருக்கவேண்டிய இடத்திலே சோளப்பொத்தி போலச் சுற்றிலும் சில்லுகள் பதித்த எல்.ஈ.டி. குமிழைச் செருகினால், ஒளி தோன்றும் இடம் ஒரு புள்ளியாயிராமற் பருத்துவிடுகிறது. பாகையின் எல்லை கூராக வெட்டப்படாமற் சிதறுகிறது. நேர் எதிரே மட்டும் இரண்டும் சேரத் தெரியவேண்டிய விளக்குகள், பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கும் இரண்டாகத் தெரியலாம். இது முதற் குறை.

இரண்டாவது நிறம். வெள்ளை எல்.ஈ.டி. நீலத்தின்மேல் மஞ்சள் பூசியது என்றோம் அல்லவா? அதில் நீலம் மிகுதி. ஆழ்ந்த சிவப்பு குறைவு. பழைய இழைக் குமிழோ சிவப்பும் மஞ்சளும் நிறைந்தது. அம்மஞ்சளை ஈடுசெய்ய, பச்சைக் கண்ணாடியைச் சிறிது நீலச் சாயலோடு வார்த்திருந்தனர். அக்கண்ணாடிக்குப் பின்னே குளிர்ந்த வெள்ளை எல்.ஈ.டி.யை வைத்தால் பச்சை நீலமாகத் தோன்றும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் வெளியே வருவதற்கு வேண்டிய சிவப்பு போதாமையால் விளக்கு மங்கும். படகில் நிற்பவருக்கு இரண்டும் பளிச்சென்றே தெரியும். இரண்டு கடல் மைலுக்கு அப்பால் நிற்பவருக்கல்லவா தெரியவேண்டும்? 12 மீற்றருக்கு மேல் 50 மீற்றருக்கு உட்பட்ட நீளமுள்ள கலத்தின் பக்க விளக்கு அத்தூரத்துக்குப் புலப்பட வேண்டுமென்பது விதி. மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வரும் கொள்கலக் கப்பலொன்று அந்த இரண்டு மைலை ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிடும். அந்த ஏழு நிமிடத்துக்குள் அது உம்மைக் கண்டு, ஐயந் தீர்ந்து, விலகியும் ஆகவேண்டும். விளக்கு ஒரு மைலுக்கே தெரியுமாயின் மூன்றரை நிமிடந்தான் எஞ்சும்.

ஆகவே பயண விளக்குகளைப் பொறுத்தவரை குமிழை மட்டும் மாற்றாமல், எல்.ஈ.டி.க்கென்றே அமைத்து, எத்தனை கடல் மைலுக்குத் தெரியுமென்ற சான்று பொறித்த முழு விளக்கையே வாங்கிப் பொருத்துக. விலை கூடுதல்தான். முழுத் தொகைக்கும் இப்போது வசதியில்லையெனில், கேபின், மேற்றளம், இயந்திர அறை ஆகியவற்றை எல்.ஈ.டி.யாக மாற்றி, பயண விளக்குகளைப் பழைய இழைக் குமிழோடு விட்டுவிடுவது மேல். மேற்சொன்ன கணக்கிலே அவ்வாறு செய்தாலும் 200 உவாற்று 118ஆகக் குறைகிறது. இன்னொன்றும் உண்டு: இழைக் குமிழ் பழுதானால் ஒரேயடியாக அணைந்து தன்னை அறிவித்துவிடும். எல்.ஈ.டி. ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாக மங்கும். அன்றாடம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆண்டுக்கொருமுறை இரவிலே கரையோரம் தொலைவாக நின்று பார்த்துச் சோதிக்க வேண்டும்.

கம்பியைப் பற்றி மாணவர் ஒரு நல்ல வினாவை எழுப்பியுள்ளார். எல்.ஈ.டி.க்கு மின்னோட்டம் குறைவாதலால் மெல்லிய கம்பியே போதாதா என்கிறார். கணக்கு அவர் பக்கந்தான். கலத்திலிருந்து கம்பத்துக்கு 10 மீற்றர். போக வர 20 மீற்றர். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் அதன் தடை ஏறத்தாழ 0.34 ஓம். 25 உவாற்று இழைக் குமிழுக்கு அதிலே 0.7 வோல்ற்று வீணாகும். 3 உவாற்று எல்.ஈ.டி.க்கோ பத்திலொரு வோல்ற்றுக்கும் குறைவு. ஆயினும் படகின் கம்பி மின்னோட்டத்தை மட்டுமா தாங்குகிறது? இயந்திரத்தின் அதிர்வையும், உப்பு நீரையும், கால் இடறும் வலைக் கயிற்றையும் அது தாங்கவேண்டும். ஒன்றரைச் சதுர மில்லிமீற்றருக்குக் குறைத்தல் வேண்டாம். வீட்டுச் சுவரிலே போடும் ஒற்றைத் தடிக் கம்பி அதிர்விலே முறிந்துவிடும். பல நுண்ணிழைகள் கொண்டதே வேண்டும். வெள்ளீயம் பூசிய இழைகளாயின் மிக நன்று. அது எல்லாக் கடையிலும் அகப்படாது. கடற்கலப் பொருள் விற்போரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இணைப்பிடங்களைப் பற்றி ஒரு சொல். முறுக்கி நாடா சுற்றுவதை விட்டொழிக்க வேண்டும். பற்றாசு வைத்துருக்குவது நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போவதால், அது முடியும் எல்லையிலே கம்பி அதிர்ந்து அதிர்ந்து முறிகிறது. உலோகக் குழலுள் இரு முனைகளையும் செருகி, அதற்குரிய குறட்டினால் நசுக்கி, உட்புறம் பசை தடவிய சுருங்குறையைச் சூடுகாட்டி மூடுவதே சிறந்த முறை. கம்பி விளக்கினுள் நுழையுமுன் ஒரு வளைவு தாழ்ந்து மேலேறுமாறு விட்டுவைத்தால், கம்பி வழியே ஓடிவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும்.

பியூசைப் பற்றி, மூன்று பக்கக் கடிதத்தில் மாணவர் ஒரு வரியும் எழுதவில்லை. எமக்கு அதுவே கவலையைத் தந்தது. பியூஸ் விளக்கைக் காப்பதற்கென்று பலரும் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியை. ஆகையால் அது விளக்கின் அருகிலன்றிக் கலத்தின் அருகிலே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். படகின் சேமிப்புக்கலத்தைக் குறுஞ்சுற்றாக்கினால் ஆயிரம் அம்பியருக்கு மேலும் மின்னோட்டம் பாயக்கூடும். கம்பி சிவந்து அதன் உறை தீப்பற்றச் சில நொடிகள் போதும். சுற்றிலும் டீசலும் பைபரும் நைலோன் வலையும். கரையிலே தீப்பிடித்த வீட்டிலிருந்து வாசலுக்கு ஓடலாம். ஒவ்வொரு கிளைச் சுற்றுக்கும் தனித் தனிப் பியூஸ் வைக்க. விளக்குச் சுற்றுக்கு 5 அம்பியர் தாராளமாகப் போதும். படகின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பியை மட்டும் பொது ஆளியோடு சேர்க்காமல், தனிப் பியூஸோடு நேரே கலத்துடன் இணைக்க. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உறங்கும்போதும் அது விழித்திருக்க வேண்டும். அது போன்றே கலத்தைக் கண்காணிக்கும் கருவியும் ஓய்வின்றி மின் வேண்டுவது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்து, 2016இல் அதனை நீக்குமுன், ஆழ்கடற் படகுகளிற் பொருத்தப்பட்ட செய்மதிக் கருவிகளை நேயர்கள் அறிவர். அதன் கம்பியிலிருந்து கைத்தொலைபேசிக்குக் கிளை இழுப்பது அறவே கூடாது.

வானொலிக்கு வருவோம். எல்.ஈ.டி.யினுள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு சுற்று, விநாடிக்குப் பல்லாயிரம் முறை மூடித் திறக்கும் ஆளியொன்றைக் கொண்டது. மலிவு விளக்குகளில் அதற்கு வடிகட்டி வைப்பதில்லை. அது எழுப்பும் இரைச்சல் படகின் வி.எச்.எப். வானொலியிற் புகுந்து, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை விழுங்கிவிடும். ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018ஆம் ஆண்டிலேயே இதுபற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வானொலியை யாரும் பேசாத வாய்க்காலொன்றில் வைத்து, இரைச்சலடக்கியை, இரைச்சல் மெல்ல மறையும் இடம்வரை திருப்புக. பின்பு ஒவ்வொரு விளக்காக ஏற்றுக. எந்த விளக்கை ஏற்றியதும் இரைச்சல் மீண்டும் எழுகிறதோ அதனைக் கழற்றிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்குமுன்னரே இதற்குச் சம்மதம் பெற்று வைப்பது புத்தி.

விளக்கு மலிந்ததால் விளைந்த கேடொன்றையும் கூறாது விடல் முறையன்று. இருட்டிலே வெளிச்சத்தை நோக்கி மீன் கூடும் என்பதை எம் முன்னோர் அறிவர். சூள் கொளுத்தி ஆழங்குறைந்த கடலில் மீன்பிடித்தது யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கம். பின்னர் பெற்றோமாக்ஸ் வந்தது. அவற்றின் வெளிச்சத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இன்றோ ஒரு சிறு மின்பிறப்பாக்கியைக் கொண்டு கடலின் ஒரு பரப்பையே பகலாக்கி, குஞ்சும் பெரிதுமாக அள்ளிவிடலாம். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து முல்லைத்தீவிலும் பிற வடபகுதிக் கரைகளிலும் சிறுதொழில் மீனவர் பலமுறை வீதிக்கு இறங்கியுள்ளனர். அவர்களுடைய முறைப்பாடு நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். மேற்றள விளக்கைத் தளத்தை நோக்கித் தாழ்த்தி வையுங்கள். அது வேலை செய்வோர் கைக்கு வெளிச்சம் தந்தாற் போதும். கடலை நோக்கித் திருப்பிய பெருவிளக்கு உமது சிவப்பு, பச்சை விளக்குகளையும் மறைத்துவிடும் என்பது வேறு.

சூரியத் தகடு பொருத்துவதா என்றும் மாணவர் கேட்டுள்ளார். 100 உவாற்றுத் தகடொன்று எம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் முழு வலுவோடு உழைத்ததாகக் கொண்டு, இழப்புக்குப் பத்தில் மூன்று பங்கு கழித்தால் 350 உவாற்று-மணி கிடைக்கும். மேலே கண்ட 30 உவாற்று எல்.ஈ.டி. விளக்குகள் 12 மணி நேரத்துக்கு வேண்டுவது 360. ஏறக்குறைய ஒரு தகடு ஓர் இரவுக்குப் போதும். பழைய குமிழ்களுக்காயின் ஏழு தகடு வேண்டும். அவற்றைப் பரப்பக் கேபின் கூரையில் இடமேது? தகட்டுக்கும் கலத்துக்கும் நடுவே ஊட்டக் கட்டுப்படுத்தியொன்று அவசியம். வலை இழுக்கும்போது இடறாதவாறும், காற்று அடியிற் புகுந்து தூக்காதவாறும் தகட்டை இறுக்கிப் பூட்டவேண்டும். மழைக்காலத்துக்கு இக்கணக்கு பொருந்தாது; அப்போது இயந்திரமே துணை.

கடிதத்தின் கடைசி வரி ஒரு நுண்ணிய வினா. தகப்பனாரின் படகு 24 வோல்ற்றுத் தொகுதி. கையிலிருப்பவை 12 வோல்ற்று எல்.ஈ.டி.கள், இரண்டிரண்டாகத் தொடராக இணைத்துவிடலாமா என்கிறார். இழைக் குமிழாயின், இரண்டும் ஒரே வலுவுடையனவெனில், இணைக்கலாம். தடைகள் சமமாதலால் மின்னழுத்தம் சமமாகப் பங்கிடப்படும். சீராக்கிச் சுற்றுள்ள எல்.ஈ.டி.க்கு இது ஒவ்வாது. அச்சுற்று எப்போதும் ஒரே வலுவையே உறிஞ்ச முயல்வது. தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறினால் அது மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓமின் விதிக்குப் பழகிய மாணவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். தொடரிலே இரண்டில் ஒன்று சிறிது கூடுதலான அழுத்தம் பெற்றதும் அது மின்னோட்டத்தைக் குறைக்கும். மற்றதன் அழுத்தம் இன்னும் தாழும். முன்னதினது மேலும் ஏறும். சமநிலை நிலையாது. ஒன்று மினுங்கும், மற்றது எரிந்துபோகும். 10 முதல் 30 வோல்ற்று வரையென்று பொறித்த விளக்குகளை வாங்கி, ஒவ்வொன்றையும் தன் தன் பியூஸ் கிளையிலே சமாந்தரமாக இணைக்குமாறு அவருக்கு எழுதியுள்ளோம்.